முகவரியும் ஆயுளும் இல்லாத செய்திகள்



புலம்பெயர்ந்து வாழும் தமிழருக்கு இணையம் ஊர்த் திண்ணையின் இடத்தைப் பிடித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று வேலை முடிந்து வீடு திரும்பியதும் மின்னஞ்சலைத் திறந்தோம். இன்று படுக்கையில் இருந்தபடியே கைபேசியைத் திறக்கிறோம். விண்வெளிச் செய்தி, உலக அரசியல், மருத்துவக் குறிப்பு, கோயில் அதிசயம், காணாமற்போன குழந்தையின் படம் என எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. படித்து வியக்கிறோம், நாம் வியந்ததை உறவுகளும் வியக்கட்டும் என்று அடுத்தவருக்கு அனுப்புகிறோம். இந்தப் பகிர்வில் அன்பு இருக்கிறது என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், அன்போடு அனுப்பப்படும் செய்தி எவ்வாறு பொய்யாகிறது, அந்தப் பொய்க்கு யார் பொறுப்பு என்ற வினாவை நாம் இன்னும் நேராக எதிர்கொள்ளவில்லை.

பொய்ச் செய்தி என்றதும், எங்கோ ஒரு வஞ்சகன் அமர்ந்து அதனைத் திட்டமிட்டு எழுதுகிறான் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். அத்தகையோர் இருக்கிறார்கள் என்பது உண்மையே. எனினும், நமது கைபேசிகளில் சுற்றிவரும் பொய்களுள் பல உண்மையாகப் பிறந்தவை. கைமாறும்போது எங்கோ ஒரு வரி உதிர்ந்தது, ஒரு தேதி உதிர்ந்தது, ஊர்ப்பெயர் உதிர்ந்தது, முடிவு வெட்டப்பட்டது. அவ்வளவில் உண்மை பொய்யாயிற்று. உதிர்த்தவர்களும் வஞ்சகர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்களே. இதனைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க முயல்கிறேன்.

வரி உதிர்ந்த செவ்வாய்

2003 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 ஆம் நாள் செவ்வாய்க் கோள் பூமிக்கு ஏறத்தாழ 5 கோடியே 58 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் வந்தது. சுமார் 60,000 ஆண்டுகளில் அது அவ்வளவு அருகில் வந்ததில்லை. இது வானியலாளர் கணித்த உண்மை. அதனை விளக்கி எழுந்த மின்னஞ்சல் ஒன்று, 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவுக்குத் தெரியும் என்று கூறியது. அதுவும் சரியே. வானில் செவ்வாயின் அகலம் அன்று 25 விகலை. நிலவின் அகலம் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 1,800 விகலை. இருபத்தைந்தை எழுபத்தைந்தால் பெருக்கிப் பார்த்தால் கணக்குப் பொருந்திவிடும்.

கைமாறக் கைமாறத் தொலைநோக்கியைப் பற்றிய வரி மறைந்தது. பின்னர் ஆண்டும் மறைந்தது. "ஆகஸ்ட் 27 அன்று இரவு வானில் இரண்டு நிலவுகள்" என்ற செய்தி மட்டும் எஞ்சியது. அது பல ஆண்டுகள் ஆகஸ்ட் மாதந்தோறும் திரும்பத் திரும்ப வந்தது. செவ்வாய் நிலவின் அளவுக்கு வெறுங்கண்ணில் தெரிய வேண்டுமானால், அது நிலவைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு தொலைவுக்குள் வந்தாக வேண்டும். அதன் சுற்றுப்பாதை அதற்கு இடம் கொடுப்பதில்லை. மேலும், செவ்வாய் பூமியை நெருங்குவது ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறைதான். ஆண்டுதோறும் ஆகஸ்டில் அன்று. இத்தனையும் பள்ளிப் பாடநூலை வைத்தே சரிபார்க்கக்கூடியவை. ஆயினும் படித்தவர்களே அதனைப் பரப்பினார்கள்.

தேதி உதிர்ந்த வேண்டுகோள்

1989 ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த கிரெய்க் ஷெர்கோல்ட் என்ற சிறுவனுக்கு மூளையில் கட்டி இருந்தது. மிக அதிகமான வாழ்த்து அட்டைகள் பெற்று கின்னஸ் சாதனை படைக்க வேண்டும் என்ற அவனது விருப்பம் உலகெங்கும் பரப்பப்பட்டது. அட்டைகள் கோடிக்கணக்கில் வந்து குவிந்தன, சாதனையும் நிகழ்ந்தது. 1991 இல் அமெரிக்காவில் நடந்த அறுவைச் சிகிச்சையில் கட்டி பெரும்பாலும் அகற்றப்பட்டு அவன் நலம் பெற்றான். மகிழ்ச்சியான முடிவு. ஆனால் வேண்டுகோள் முடியவில்லை. அட்டைகளை நிறுத்துங்கள் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்ட பின்னரும் ஆண்டுக்கணக்கில் அவை வந்துகொண்டே இருந்தன. வாழ்த்து அட்டை என்பது சில கடிதங்களில் வணிக முகவரி அட்டை என மாறியது. பெயரும் வயதும்கூடத் திரிந்தன. தொலைநகலிலும் பின்னர் மின்னஞ்சலிலும் அந்தச் சிறுவன் வளராமலேயே இருந்தான். உண்மையில் அவர் வளர்ந்து பெரியவராகி, 2020 ஆம் ஆண்டில் காலமானார்.

இன்றும் "அவசரம், இரத்தம் தேவை" என்று நம்மை வந்தடையும் செய்திகளைக் கவனியுங்கள். பலவற்றில் தேதி இருப்பதில்லை. நோயாளி குணமடைந்திருக்கலாம், மறைந்திருக்கலாம். அந்தத் தொலைபேசி எண்ணுக்கு உரியவர் இன்னும் எத்தனை ஆண்டுகள் நள்ளிரவில் எழுந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதை அனுப்புகிறவர் நினைத்துப் பார்ப்பதில்லை.

முடிவு வெட்டப்பட்ட காணொளி

மேற்கண்ட இரண்டும் நேர விரயத்தோடு முடிந்தவை. அடுத்தது அவ்வாறு முடியவில்லை.

பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைக் கடத்தலுக்கு எதிராக ஒரு விழிப்புணர்வுக் காணொளி தயாரிக்கப்பட்டது. தெருவில் சிறுவர்கள் விளையாடுகின்றனர். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்கின்றனர். சற்று நேரத்தில் திரும்பி வந்து குழந்தையை இறக்கிவிட்டு, பெற்றோரை எச்சரிக்கும் வாசகத்தைக் காட்டுகின்றனர். இந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டி நீக்கினர். எஞ்சிய பகுதி 2018 ஆம் ஆண்டில் இந்தியாவின் பல மாநிலங்களில், உள்ளூரில் நடந்த கடத்தலின் பதிவு என்ற பெயரில் பரவியது. எச்சரிப்பதற்கென்று எடுக்கப்பட்ட படமே கொலைக்குத் தூண்டுகோலாயிற்று.

அதே பருவத்தில் தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் குழந்தை கடத்தும் கும்பல் நடமாடுகிறது என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்தது. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்தினர் வழியில் வண்டியை நிறுத்தினர். 65 வயது மூதாட்டி ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூடிய கூட்டம் அவரை அடித்தே கொன்றது. உடன் வந்த உறவினர்களும் படுகாயமுற்றனர். பழவேற்காட்டிலும் அதே வாரத்தில் ஓர் ஆடவர் இவ்வாறே கொல்லப்பட்டார்.

வெளிநாட்டில் வாழும் நாம் இந்த நிகழ்வைச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுசென்று, கண்ணில் படும் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுக்காதவர் நம்மில் எத்தனை பேர்? குலதெய்வக் கோயிலுக்கு வழி தெரியாமல் வண்டியை நிறுத்தி விசாரிக்காதவர் எத்தனை பேர்? அந்த மூதாட்டியின் இடத்தில் நம் அம்மாவோ அத்தையோ இருந்திருக்கலாம். அந்த வதந்தியைப் பரப்பியவர்களுள் பெரும்பாலோர் தம் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற கவலையோடுதான் பரப்பியிருப்பார்கள். நல்ல நோக்கம் ஓர் உயிரைக்கூடக் காக்கவில்லை.

மூலமே இல்லாத பெருமை

இனி, பிறப்பிலேயே மூலம் இல்லாத ஒரு வகை உண்டு. நமது பெருமையைத் தொட்டு வருவதால் அதனைக் கேள்வி கேட்கவே நாம் தயங்குகிறோம். திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரும் செயற்கைக்கோள்கள் மூன்று நொடிகள் செயலற்று நின்றுவிடுகின்றன, சனிக் கோளிலிருந்து வரும் கருநீலக் கதிர்களே அதற்குக் காரணம், நாசா விஞ்ஞானிகள் திகைத்துப் போனார்கள் என்னும் செய்தியைப் படிக்காத தமிழர் அரிது.

தாழ்ந்த சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் நொடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. அது விழாமல் இருப்பதற்கு அந்த வேகமே காரணம். மூன்று நொடி நின்றால் அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து 22 கிலோமீட்டர் பின்தங்கிவிடும்; நிலைய அளவைகள் அந்தப் பிழையை உடனே காட்டிக்கொடுத்துவிடும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றன. திருநள்ளாறு வட அகலாங்கு 11 பாகைக்கு அருகில் உள்ளது. ஆகவே அவற்றுள் எதுவும் அதன் நேர் உச்சிக்கு வருவதே இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிசகினால்கூட, நாம் நிற்கும் இடத்தைக் கணிப்பதில் 300 மீட்டர் பிழை நேரும். மூன்று நொடி செயலிழந்தால் அதனை மறைக்க எவராலும் இயலாது.

இதனால் திருநள்ளாற்றுக்கு என்ன குறை? ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. சனிப்பெயர்ச்சி நாளில் அங்கே திரளும் மக்கள் எந்த விண்வெளி நிறுவனத்தின் சான்றிதழையும் எதிர்பார்த்து வருவதில்லை. நம்பிக்கைக்கு நம்பிக்கையின் இடம் உண்டு. அதற்கு இல்லாத ஆய்வறிக்கையைத் துணைக்கு அழைப்பது நம்பிக்கையையும் தாழ்த்துகிறது, அறிவியலையும் தாழ்த்துகிறது.

"சற்று மிகைப்படுத்தினால் என்ன? பிள்ளைகளுக்குத் தமிழ்மீது பெருமை வருமே" என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் கவலைப்படுவது அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் எதையும் தேடிப் பார்க்கப் பள்ளியிலேயே பழக்கப்பட்டவர்கள். அப்பா அனுப்பிய அதிசயம் பொய் என்று இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு நாம் உண்மையைச் சொன்னாலும் அதே கூடையில்தான் போடுவார்கள்.

போட்டுவிடக்கூடாத உண்மைகள் நம்மிடம் ஏராளம். எகிப்தின் செங்கடல் துறைமுகமான குசேர் அல்-காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானைத் துண்டு கிடைத்துள்ளது, கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த அதன் சொற்கள் தமிழ் என்று ஐராவதம் மகாதேவன் படித்துக் காட்டினார். சேரர் துறைமுகமான முசிறியின் வணிகத்தைப் பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க ஒப்பந்தம் ஒன்று வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது. தமிழ் அச்சு நூலான தம்பிரான் வணக்கம் 1578 இல் கொல்லத்தில் அச்சிடப்பட்டது. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்தி வந்த உடைந்த வெண்கலப் பாத்திரம், உண்மையில் தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு கப்பல் மணி. வில்லியம் கொலென்சோ என்ற மதபோதகர் 1836 அளவில் கண்டெடுத்த அது இன்று வெலிங்டன் நகரின் டெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. விடை இல்லை என்று சொல்வதே அந்த மணிக்கு நாம் செய்யும் மரியாதை. தமிழர் அங்கே பேரரசு நடத்தினர் என்று நீட்டிச் சொன்னால், மணியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. நம் மக்களுக்கு நேர்ந்த உண்மையான துயரங்களையும் உரிமைக் கோரிக்கைகளையும் நாடாளுமன்ற உறுப்பினரிடமோ பத்திரிகையாளரிடமோ நாம் எடுத்துச் செல்லும்போது, அவர்கள் முதலில் செய்வது சரிபார்ப்பதுதான். ஒரு படம் வேறு நாட்டில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால், கோப்பிலுள்ள மற்ற ஒன்பது உண்மைப் படங்களும் மதிப்பிழக்கும். எண்ணிக்கையில் சிறிய சமூகத்திற்கு நம்பகத்தன்மையே பெருஞ்செல்வம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

தரவுப் பொதி கற்பிக்கும் பாடம்

பொறியியல் படித்துக் கணினித் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில் ஒரு செய்தியை இங்கே கூற விரும்புகிறேன். இணையத்தில் எந்தத் தரவும் மொத்தமாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. 1981 இல் வரையறுக்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ள இணைய நெறிமுறையின்படி, ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் மூன்று விவரங்கள் இருந்தாக வேண்டும். முதலாவது, எங்கிருந்து புறப்பட்டது என்ற முகவரி. இரண்டாவது, தலைப்பு வழியில் சிதைந்ததா என்று கண்டறிய ஒரு சரிபார்ப்பு எண். மூன்றாவது, ஓர் ஆயுட்கணக்கு. பொதி ஒவ்வொரு ரவுட்டரைக் கடக்கும்போதும் அந்தக் கணக்கில் ஒன்று குறைக்கப்படும்; பூச்சியத்தைத் தொட்டால் பொதி அங்கேயே கைவிடப்படும். வழிதவறிய பொதிகள் என்றென்றும் சுற்றிக்கொண்டிருந்தால் வலையமைப்பே திணறிவிடும் என்பதை வடிவமைத்தவர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள்.

இயந்திரம் இயந்திரத்துக்கு அனுப்பும்போது இத்தனை ஒழுங்கு. மனிதன் மனிதனுக்கு அனுப்பும்போது முகவரி இல்லை, சரிபார்ப்பு இல்லை, ஆயுளும் இல்லை. செவ்வாய்க் கதை சிதைந்தபோது அதனைக் கண்டறியச் சரிபார்ப்பு இல்லை. சிறுவன் ஷெர்கோல்டின் கடிதத்துக்கு ஆயுட்கணக்கு இல்லை. கராச்சிக் காணொளியில் புறப்பட்ட ஊரின் பெயர் இல்லை. இழந்தவற்றைத் திரும்ப இணைத்து அனுப்பும் வேலையை நம்மைத் தவிர வேறு எவராலும் செய்ய முடியாது.

இதற்கும் தொழில்நுட்பம் தீர்வு காணாதா என்று கேட்கலாம். ஓரளவு முயன்றிருக்கிறது. 2018 ஆம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம், வழிமொழியப்பட்ட செய்திகளுக்கு அடையாளக் குறி இட்டது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு தடுத்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பை உலகெங்கும் விரித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று இறுக்கியது. இவை வேகத்தைக் குறைப்பவை; உண்மை எது என்று அறிபவை அல்ல. செய்திகள் முழுவதும் மறைக்குறியாக்கம் செய்யப்படுவதால் நிறுவனத்தால் உள்ளடக்கத்தைப் படிக்கவும் இயலாது. தனிமனித உரிமைக்கு அது அவசியமான காப்பு. ஆகவே அங்கே ஆசிரியர் குழு என்று ஒன்று இல்லை. அனுப்புகிற ஒவ்வொருவரும் ஆசிரியரே. செயற்கை நுண்ணறிவால் படத்தையும் குரலையும் எவரும் உருவாக்கிவிடக்கூடிய இன்றைய நிலையில் இந்தப் பொறுப்பு மேலும் கனத்திருக்கிறது.

நாம் செய்யக்கூடியது என்ன?

ஒழுங்காகத் திரட்டிப் பகிர்ந்த தகவல் எத்தகைய பயன் தரும் என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கணினித் துறைத் தன்னார்வலர்கள் சகன என்ற கட்டற்ற மென்பொருளைச் சில வாரங்களில் உருவாக்கினார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் ஆகியவற்றை முறையாகப் பதிவு செய்ய அது உதவியது. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. யார், எங்கே, எப்போது என்று கட்டம் கட்டமாகத் தகவலைப் பதிவு செய்வதே அதன் வலிமை.

அதே கட்டங்களை நாமும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். செய்தியை முதலில் சொன்னவர் யார், நிகழ்ந்த நாள் எது, இடம் எது என்ற மூன்றுக்கும் விடை இல்லாதவற்றை அனுப்பாமல் விட்டுவிடலாம். அனுப்பாமல் விட்ட ஒரு வியப்பால் எவருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை. உதவி கோரும் செய்தியாயின், அதிலுள்ள எண்ணை அழைத்து உறுதிசெய்து, "இந்த நாள்வரை மட்டும்" என்று நாமே ஒரு வரி சேர்த்து அனுப்பலாம். நேரமில்லை என்பது அனுப்பாதிருக்கக் காரணமாகலாம். சரிபாராமல் அனுப்பக் காரணமாகாது.

பெரியவர்கள் அனுப்பும் பிழைச் செய்தியை எப்படித் திருத்துவது என்று இளையோர் தயங்குகின்றனர். எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒரு பெரியப்பாவைத் திருத்தினால் அவர் செய்தியைக் கைவிடமாட்டார், உறவைத்தான் கைவிடுவார். தனியாகத் தொலைபேசியில் அழைத்து, நலம் விசாரித்து, "பெரியப்பா, நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன், அது இப்படியாம்" என்று சொல்லுங்கள். அவரே மறுநாள் திருத்தம் அனுப்புவதற்கு வாய்ப்பு உண்டு. ஊரிலுள்ள உறவுகளோ வெளிநாட்டில் படித்தவர் அனுப்பினார் என்பதற்காகவே நம் செய்தியை நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கையை நாம் வீணாக்கலாகாது.

இன்று இரவே உங்களுக்கு ஓர் அதிசயச் செய்தி வரக்கூடும். அதில் தேதி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். இல்லையென்றால், அனுப்பியவரிடமே கேளுங்கள். அவர் தமக்கு அனுப்பியவரிடம் கேட்கட்டும். இவ்வாறு கேள்வி பின்னோக்கிச் சென்றால், பொய்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். சிந்திப்போம், சரிபார்த்தபின் பகிர்வோம்.